டியூனர் வாங்கும் முன் துளையை அளந்து பாருங்கள்

தம்பி, மற்றவர்களுக்கும் புரிவதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். யாரோ வாசித்துப் பழகிய ஒரு ஸ்ட்ராட் வகை மின்கிட்டாரை வாங்கியிருக்கிறீர்கள். இங்கே சிங்கப்பூரில் சமூக மன்றத்தில் பொங்கல் நிகழ்ச்சிக்கு வாசிக்க வேண்டும். ஒத்திகையில் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் ஜி கம்பி சுருதி இறங்கிவிடுகிறது. குழுவில் எல்லாரும் "லாக்கிங் டியூனர் போடு" என்கிறார்கள், அதாவது கம்பியைக் கவ்விப் பிடிக்கும் டியூனர். இணையத்தில் தேடினால் 60 வெள்ளிக்கும் கிடைக்கிறது, 160 வெள்ளிக்கும் கிடைக்கிறது. போதாததற்கு பல்சக்கர விகிதம் 15:1, 18:1 என்று எண்கள் வேறு. எதை வாங்குவது, மரத்தில் துளை போட வேண்டியிருக்குமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். எந்த நிறுவனம், எந்த விகிதம், என்ன நிறம் என்பதெல்லாம் அப்புறம். உங்கள் கிட்டாரின் தலையில் ஏற்கெனவே இருக்கும் ஆறு துளைகள்தான் பாதி முடிவை எடுத்துவிட்டன. அந்தத் துளைக்கு அப்படியே பொருந்தும் 70 வெள்ளி டியூனரா, துளையைப் பெரிதாக்கச் சொல்லும் 160 வெள்ளி டியூனரா என்றால், நான் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதைத்தான் எடுப்பேன். (கம்பியை முறுக்கும் சாவியைத்தான் இங்கே டியூனர் என்கிறேன், வீணைக்காரர்கள் பிருடை என்பார்களே, அது. தலையில் கவ்வி வைத்து சுருதி பார்க்கும் குட்டிக் கருவி இல்லை.)

ஆனால் அதற்கும் முன்னால், குற்றவாளி டியூனர்தானா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஜி கம்பியைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு, பன்னிரண்டாம் கட்டில் (ஃப்ரெட்) நன்றாக இழுத்து வளைத்து வாசியுங்கள், நான்கைந்து தடவை. இப்போது திறந்த கம்பியை மீட்டினால் சற்று இறங்கியிருக்கும். டியூனரைத் தொடாதீர்கள். கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு இருக்கிறதல்லவா, அதை நட் என்கிறோம். அந்த நட்டுக்கும் டியூனருக்கும் இடைப்பட்ட கம்பியை விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். சுருதி மறுபடி மேலே ஏறிவிட்டதா? அப்படியென்றால் டியூனர் நிரபராதி. கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. வளைக்கும்போது டியூனர் பக்கத்திலிருந்து கொஞ்சம் கம்பி இந்தப் பக்கம் வழுக்கி வருகிறது. விட்டதும் திரும்பிப் போக முடியாமல் அங்கேயே பிடித்துக்கொள்கிறது. டியூனரை முறுக்கும்போது ஒன்றும் ஏறாமல் இருந்து, திடீரென்று "டிங்" என்று ஒரு சத்தத்தோடு சுருதி குதித்தால் அதுவும் இதே நோய்தான்.

என் கைக்கு வரும் கிட்டார்களில், "டியூனர் நழுவுகிறது" என்ற புகாரோடு வருபவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. பழைய உரிமையாளர் 9-42 கம்பி போட்டு வாசித்திருப்பார், புதியவர் 10-46 மாட்டியிருப்பார் (செட்டில் மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் கனம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). ஜி கம்பி .016 அங்குலத்திலிருந்து .017க்குப் போகிறது. முடியளவு வித்தியாசம்தான், ஆனால் இறுக்கமாக வெட்டிய பள்ளத்தில் அந்த முடி போதும். மென்மையான பென்சிலைக் கூராக்கிப் பள்ளத்தில் தேய்த்துக் கரியை இறக்குங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் நட் அரத்தால் பள்ளத்தை லேசாகத் திறக்க வேண்டும். அதைத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். பள்ளத்தை ஆழமாக்கிவிட்டால் கம்பி முதல் கட்டில் உரசத் தொடங்கிவிடும்.

டியூனர் ஏன் அவ்வளவு எளிதில் நழுவாது என்றும் சொல்லிவிடுகிறேன். வீணையிலும் வயலினிலும் பிருடை மரத்தோடு மரம் உரசித்தான் நிற்கிறது. உரசல் குறைந்தால் நழுவிவிடும். கிட்டாரில் அப்படி இல்லை. நீங்கள் திருகும் குமிழின் தண்டில் திருகாணி போன்ற மரை ஓடுகிறது. அது ஒரு பல்சக்கரத்தைத் தள்ளுகிறது, பல்சக்கரம் கம்பி சுற்றிய தூணைத் திருப்புகிறது. திருகாணி சக்கரத்தைத் திருப்பும், ஆனால் சக்கரம் திருகாணியைத் திருப்பாது. கம்பி என்னதான் இழுத்தாலும் தூண் பின்னோக்கிச் சுழல வழியில்லை. பத்து வெள்ளி டியூனரிலும் இதே கதைதான். மலிவான டியூனரில் உள்ள உண்மையான குறை வேறு: பற்களுக்கு இடையே சிறு இடைவெளி இருக்கும். குமிழை எதிர்ப்பக்கம் திருப்பும்போது கால் சுற்றுக்கு ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று இறங்கும். அதனால்தான் எப்போதும் சுருதிக்குக் கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றி நிறுத்தச் சொல்கிறார்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் அந்த இடைவெளி பிறகு தானாக மூடிக்கொண்டு உங்கள் காலை வாரிவிடும்.

இன்னும் இரண்டு இடம் பாருங்கள். தலையின் முன்பக்கம் தூணைச் சுற்றி ஆறுபட்டை மரை இருந்தால், பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும், விரலால் ஆடுகிறதா என்று பார்த்து லேசாக இறுக்குங்கள். குளிரூட்டிய அறைக்கும் வெளிப்புழுக்கத்துக்குமாகப் போய்வரும் மரம் சுருங்கி விரியும், மரை தளரும். குமிழின் முனையில் சிறு திருகு இருந்தால் அது குமிழ் எவ்வளவு இறுக்கமாகச் சுற்ற வேண்டும் என்பதற்கானது. தொளதொளவென்றால் கொஞ்சம் முறுக்குங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் தூண் ஆடினால், பல் தேய்ந்து நறநறவென்றால், அல்லது பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அறுந்த கம்பியைச் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்பதற்காகவே லாக்கிங் வேண்டுமென்றால், சரி, வாங்கலாம்.

இனி துளைக்கு வருவோம். 1954ல் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட் என்பது இதன் சுருக்கம்) வந்தபோது அதில் இருந்தவை க்ளூசன் நிறுவன டியூனர்கள். இன்னொரு கிட்டார் நிறுவனமான கிப்சனும் அந்தக் காலத்தில் அதையே பயன்படுத்தியது. தகடு மடித்துச் செய்த சின்னக் கூடு, முன்பக்கத்திலிருந்து மரத்தில் அழுத்திச் செருகும் ஒரு சிறு உலோக வளையம், அதற்குள் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. தூண். இதற்கு மரத்தில் வேண்டிய துளை சுமார் 8.5 முதல் 9 மி.மீ. வரை. பழைய பாணியில் செய்யும் கிட்டார்களில் இன்றும் இதுதான். அதற்குப் பிறகு வந்த குரோவர், ஷாலர், கோட்டோ போன்ற நிறுவனங்களின் வார்ப்புக்கூடு டியூனர்கள் தடிமனானவை. முன்பக்கம் மரை போட்டு இறுக்கும் வகை. துளை சுமார் 10 மி.மீ. இந்த ஒன்றரை மில்லிமீட்டருக்காகத்தான் இத்தனை பேர் மரத்தைக் குடைந்தார்கள். 1950களின் கிப்சன்களில் குரோவர் மாட்ட துளையைப் பெரிதாக்கியவர்கள் உண்டு. இன்று அந்தத் துளையைப் பார்த்ததும் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைத்துத்தான் பேசுகிறார்கள். உங்கள் கிட்டார் அவ்வளவு விலை பெறாதுதான், இருந்தாலும் குடைந்த மரம் திரும்பி வராது.

அளப்பது எப்படி? ஜி கம்பியைக் கழற்றி, அந்த ஒரு டியூனரை மட்டும் வெளியே எடுங்கள். இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் மின்னிலக்க வெர்னியர் காலிப்பர் போதும். துளையை முன்பக்கமும் அளக்க வேண்டும், பின்பக்கமும் அளக்க வேண்டும். சில கிட்டார்களில் ஒரே துளை இரண்டு அளவில் படிக்கட்டு போல இருக்கும், ஒரு பக்கம் மட்டும் அளந்துவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய. செருகும் வளையம் இருந்தால் அதன் உள்விட்டத்தை அளந்துவிட்டு "ஆறரை மில்லிமீட்டர்" என்று எழுதாதீர்கள், எனக்கு வேண்டியது மரத்தின் விட்டம். அந்த வளையத்தை ஸ்க்ரூடிரைவர் வைத்துத் தட்டியும் எடுக்காதீர்கள், வார்னிஷ் வட்டமாகப் பெயர்ந்துவிடும். அப்புறம் தலையின் கனம், அடுத்தடுத்த இரண்டு தூண்களின் மையத்துக்கு மையம் தூரம். ஸ்ட்ராட் வகையில் இந்தத் தூரம் 25, 26 மி.மீ. தான் இருக்கும். அகலமான கூடு உள்ள டியூனர் அங்கே ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு உட்காரவே உட்காராது.

பிறகு பின்பக்கத்தைப் படம் எடுங்கள். திருகு எங்கே இருக்கிறது என்பது துளை அளவு போலவே முக்கியம். க்ளூசன் வகையில் கூட்டின் மேலும் கீழும் திருகு. ஆறும் ஒரே வரிசையில் இருக்கும்போது பக்கத்து டியூனர்கள் திருகைப் பங்கிட்டுக்கொள்ளும். வார்ப்புக்கூடு வகையில் ஒரே திருகு, சிலவற்றில் நேர்க்கோணத்தில், சிலவற்றில் சாய்வாக. புதிய ஃபெண்டர்களில் திருகே இருக்காது, கூட்டின் அடியில் இரண்டு சிறு ஊசிகள் மரத்தில் இறங்கியிருக்கும். ஸ்பெர்சல் நிறுவன டியூனரில் ஓர் ஊசி. பழைய தடமும் புதிய தடமும் ஒத்துப்போனால் அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் புதிய திருகுத் துளை வேண்டும், பழைய துளை வெளியே எட்டிப் பார்க்கும். ஹிப்ஷாட் நிறுவனம் இதற்கென்றே ஒரு தகடு விற்கிறது. அந்தத் தகடு கிட்டாரில் ஏற்கெனவே உள்ள தடத்தில் உட்கார்ந்துகொள்ளும், புதிய திருகுத் துளை வேண்டாம். கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் புத்திசாலித்தனமான பொருள்.

இன்னொன்று: ஆறும் ஒரே பக்கம் இருக்கும் தலைக்கு "ஆறு ஒரே வரிசை" என்று விற்கும் செட்தான் வேண்டும். மூன்று இடம் மூன்று வலம் என்று வரும் செட்டை, விலை குறைவு என்று வாங்கிவிட்டு, மூன்று குமிழ்கள் தலைகீழாக நிற்பதைப் பார்த்து விழிக்காதீர்கள். அதேபோல இடக்கைக்காரர் கிட்டாருக்கான செட் வேறு.

சின்ன திருகு என்று அலட்சியம் வேண்டாம். நான் முதன்முதலில் மாற்றியபோது பழைய திருகுத் துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. "இத்தனூண்டு திருகுதானே" என்று துளை போடாமலே மேப்பிள் மரத்தில் நேராக முறுக்கினேன். முக்கால்வாசி இறங்கியது, கை கொஞ்சம் கனத்தது, இன்னும் கால் சுற்று என்று அழுத்தினேன். "டக்". திருகின் தலை என் மடியில், தண்டு மரத்துக்குள். அதைத் தோண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. மேப்பிள் கடினமான மரம், இந்தத் திருகுகளோ மெல்லியவை. திருகின் மரைகளை விட்டுவிட்டு நடுத்தண்டின் கனத்துக்குத் துளை போடுங்கள். டிரில் பிட்டில் ஆழத்துக்கு அடையாளமாக ஒட்டுநாடா சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் பிட் முன்பக்கம் வந்து எட்டிப் பார்க்கும். திருகில் கொஞ்சம் சோப்பு தேயுங்கள். பழைய துளை தொளதொளத்தால் பல்குச்சியும் மரப்பசையும் வைத்து அடைத்துவிட்டு மறுநாள் முறுக்குங்கள்.

வேறு வழியே இல்லை, 8.7 மி.மீ. துளையை 10 ஆக்கித்தான் தீர வேண்டும் என்றால் மின்துளைப்பானைத் தொடாதீர்கள். பிட் துளையின் விளிம்பைக் கவ்வி வார்னிஷைச் சில்லுசில்லாகப் பெயர்க்கும். அதோடு, வீவக அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு அந்தச் சத்தம் போட்டால் அடுத்த வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுவார். கையால் சுற்றும் கூம்பு ரீமர் வாங்குங்கள், இரு பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள். சத்தமே இல்லை, பொறுமைதான் வேண்டும். எதிர்த்திசை சுலபம்: துளை 10 மி.மீ., உங்களுக்குப் பிடித்தது க்ளூசன் தோற்றம் என்றால், அதற்கென்று மாற்று வளையங்கள் கிடைக்கின்றன. மரத்தைத் தொடவே வேண்டாம்.

லாக்கிங் என்றால் என்ன என்றும் பார்த்துவிடலாம். அது கம்பியைத் தூணில் கவ்விப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டியதில்லை. சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெகிழ்வது இல்லை. ட்ரெமலோ பிடியை (சுருதியை ஏற்றி இறக்கி ஆட்டும் இரும்புக் கை) அமுக்கி வாசிப்பவருக்கு இதில் பலன் உண்டு, கம்பி மாற்றுவது ஒரு நிமிட வேலையாகிவிடும். பின்பக்கம் சின்னச் சக்கரத்தைத் திருகிக் கவ்வ வைப்பது ஒரு வகை. ஸ்பெர்சல், ஷாலர் அப்படி. கோட்டோவின் மேக்னம் லாக்கில் குமிழைத் திருப்பினாலே தூண் தானாகக் கவ்விக்கொள்ளும். எனக்குப் பிந்தியதுதான் பிடிக்கும், மேடை இருட்டில் சின்னச் சக்கரத்தைத் தேட வேண்டாம். ஆனால் நட்டில் சிக்கும் கம்பியை எந்த லாக்கிங்கும் விடுவிக்காது. உங்கள் கிட்டாரில் நட்டே கம்பியைப் பூட்டும் ஃபிலாய்ட் ரோஸ் அமைப்பு இருந்திருந்தால், டியூனருக்குக் காசே செலவழிக்காதே என்று சொல்லியிருப்பேன்.

விகிதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது மிகையாகப் பேசப்படும் விஷயம். 15:1 என்றால் குமிழைப் பதினைந்து தடவை சுற்றினால் தூண் ஒரு தடவை சுற்றும். தூண் கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டால், குமிழின் ஒரு முழுச் சுற்றுக்கு 15:1ல் சுமார் 1.3 மி.மீ. கம்பி இழுபடும், 18:1ல் சுமார் 1.1 மி.மீ. இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும், ஆனால் வாழ்க்கையை மாற்றாது. நன்றாகக் கடைந்த 15:1, சுமாராகக் கடைந்த 18:1ஐவிட எவ்வளவோ மேல்.

ஸ்ட்ராட் தலை பின்னோக்கிச் சாயாது, அதனால் கம்பி நட்டில் அழுந்தி உட்காருவதற்குத் தலையில் சின்னக் கொக்கிகள் இருக்கும். அந்தக் கொக்கியும் கம்பி உரசும் இன்னோர் இடம். தூண்களின் உயரம் படிப்படியாகக் குறையும் செட் கிடைத்தால் வாங்குங்கள். தடித்த கம்பிகளுக்கு உயரமானவை, மெல்லிய கம்பிகளுக்குக் குட்டையானவை. பல நேரம் ஒரு கொக்கியையாவது கழற்றிவிடலாம். மாட்டும்போது மட்டும் வரிசை மாறிவிடக் கூடாது.

முலாம் விஷயத்தில் நம் ஊர் நிலவரத்தை மறக்காதீர்கள். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர் இது. போதாததற்கு ஒத்திகை வியர்வை. தங்க முலாம் குமிழில் சீக்கிரம் தேயும், நிக்கல் மங்கிப் புள்ளி விழும். குரோம் தாக்குப்பிடிக்கும். பழைய பாணிப் பிளாஸ்டிக் குமிழ் அழகுதான், வயதானால் கையோடு உதிர்ந்து வருவதையும் பார்த்திருக்கிறேன்.

எங்கே வாங்குவது? சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒரு நடை போய் வாருங்கள், கழற்றிய டியூனரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. படத்தைக் காட்டுவதைவிடப் பொருளைக் காட்டுவது மேல். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் 400 வெள்ளிக்குக் கீழ் வரி இல்லை என்ற பழைய கணக்கை மறந்துவிடுங்கள். 2023 ஜனவரியிலிருந்து அதற்கும் பொருள் சேவை வரி வந்துவிட்டது, இப்போது 9 விழுக்காடு. அனுப்பும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளூர் விலை பல நேரம் மோசமில்லை.

உங்களுக்கு என் யோசனை: இந்த வாரம் நட்டுக்குப் பென்சில் கரி, புதுக் கம்பி ஒரு செட், கம்பியைக் கையால் நன்றாக இழுத்து இழுத்துப் பழக்குவது. அதோடு ஒரு ஒத்திகை வாசித்துப் பாருங்கள். ஜி நின்றுவிட்டால் பொங்கல் முடியும்வரை எதையும் தொடாதீர்கள். நிற்காவிட்டால் அளவெடுங்கள்: 8.5 முதல் 9க்குள் என்றால் கோட்டோ எஸ்டி91 மேக்னம் லாக் வகை, பழைய தடத்திலேயே உட்காரும்; 10 என்றால் தேர்வு நிறைய, திருகுத் தடம் ஒத்துப்போகும் எந்த நல்ல லாக்கிங் செட்டும் சரி. அளவும் பின்பக்கப் படமும் போட்டால் எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

கழற்றும் பழைய ஆறையும், திருகுகளையும், வளையங்களையும் ஒரு ஜிப் பையில் போட்டு கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நாளைக்கு விற்கப் போனால் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.